மலை எரியும்போது யாரை முதலில் காப்பது?

பிப்ரவரி பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி பழகியதுதான். போடியிலோ சின்னமனூரிலோ கூடலூரிலோ இரவில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால், மலைமேல் எங்கோ ஒரு சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து ஏறிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை டீக்கடையில் எழும் கேள்வியும் பழகியதே: "ராத்திரி பூரா எரிஞ்சுச்சே, ஃபாரஸ்ட்காரங்க என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் காட்டுத்தீயை எப்படி அணைக்கிறார்கள் என்பது தெரியாமல் கேட்கும்போது, அந்தக் கேள்வியே ஆட்களை நடுப்பகலில் செங்குத்தான சரிவுக்குத் துரத்துகிறது. ஆகவே அதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

மலைத்தீயைக் கையாளும் அதிகாரி முதலில் தீர்மானிக்க வேண்டியது எதை முன்னால் காப்பது என்ற வரிசையை. முதலில் ஆள், தீயை அணைக்கப் போனவரும் அந்தக் கணக்கில் அடக்கம். அடுத்தது வீடு. அதற்கடுத்து சோலைக்காடு. கடைசியில்தான் புல். காய்ந்த புல் எரிந்தால் கோடை மழை இரண்டு பெய்ததும் தளிர்க்கும். எரிந்த சோலை திரும்பி வர ஒரு தலைமுறை போதாது. எரிந்த உயிர் திரும்புவதே இல்லை. இந்த வரிசையை ஒத்துக்கொண்டால், ஒரு புல்மேட்டை எரிய விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் ஊரின் ஓரத்தில் ஆட்களை நிறுத்துவது கடமை தவறிய செயலாகத் தெரியாது. அதுவும் தீயணைப்பு வேலைதான்.

வரிசை தப்பினால், அல்லது வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டத்துக்குக் குரங்கணி சொல்லிக்கொடுத்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கங்களிலிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர், கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். வழியில் ஒத்தமரம் பக்கத்துப் புல்சரிவில் தீ அவர்களை மறித்தது. குழு சிதறியது. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். சிலர் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். அங்கேயே 9 பேர் இறந்தார்கள். பிறகு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மற்ற மருத்துவமனைகளிலும் ஒவ்வொருவராக இறந்து, எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. முதலில் ஓடிப்போய்க் கை கொடுத்தவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும்தான். பாதையே இல்லாத சரிவில், தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் இரவில் அந்த மலை இடுக்கில் ஹெலிகாப்டரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. மறுநாள் வெளிச்சம் வந்த பிறகுதான் மீட்பு வேகம் பிடித்தது. மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடத்தியது. மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பாதைகளைத் தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். மலையேறுபவர்களைப் பொறுத்தவரை பாடம் ஓரளவு படிக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம். அதே சரிவில் தீயை அணைக்க ஏறும் வேட்டைத்தடுப்புக் காவலரைப் பற்றியும் அடிவாரத்து வீடுகளைப் பற்றியும் அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை. எனக்கு அந்தக் குறை இருக்கிறது.

குரங்கணியில் என்ன நடந்தது என்பது பிடிபட, புல்லையும் சரிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. அந்த மழையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த புல் ஜனவரியில் பழுத்து, பிப்ரவரியில் காய்ந்து சரசரக்கிறது. நடுநடுவே எண்ணெய்ச் சத்துள்ள புல்வகைகளும் உண்டு. மரத்துண்டு பற்ற நேரம் பிடிக்கும். இந்தப் புல் நொடியில் பற்றும். சமதரையில் தீயின் நாக்கு மேல்நோக்கிப் போகும். சரிவில் அதே நாக்கு முன்னால் இருக்கும் புல்லின் மேலேயே சாய்ந்து, தீ வந்து சேரும் முன்னரே அதைக் காய்ச்சி வைக்கிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. அந்தக் கணக்குப்படி 20 டிகிரி சரிவில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. மனிதன் கதையோ தலைகீழ்: சரிவு கூடக்கூட அவன் வேகம் குறைகிறது. கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல். அடிவாரத்திலிருந்து ஒரே ஏற்றம். மேல்நோக்கி ஓடித் தீயிடம் தப்பிவிடலாம் என்று நினைப்பது இந்த மலையில் சாவுக்கு வழி.

பள்ளங்கள் இன்னும் மோசம். இரண்டு மேடுகளுக்கு நடுவே இறங்கும் ஓடை, புகைபோக்கி போலக் காற்றை உறிஞ்சி மேலே இழுக்கும். தண்ணீர் இருக்கும், ஒளிந்துகொள்ளலாம் என்று மனம் பள்ளத்தைத்தான் தேடும். மார்ச் மாதத்தில் அங்கே தண்ணீர் இருக்காது, சருகுதான் இருக்கும். தப்பிக்க நல்ல இடங்கள் வேறு: புல்லே இல்லாத அகன்ற பாறை, ஜீப் ரோடு, வெறுந்தரையாகக் கிடக்கும் தோட்டம். எல்லாவற்றையும்விட நம்பகமானது ஏற்கெனவே எரிந்து கருகிய இடம். எரிந்த தரை இரண்டாம் முறை எரியாது.

இதை உலகத்துக்குக் காட்டிய ஒரு சம்பவம் 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானாவில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் நடந்தது. பாராசூட்டில் இறங்கிய தீயணைப்பு வீரர்கள் ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது, தீ அவர்களுக்குக் கீழே பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கச் சரிவில் பற்றிவிட்டது. திரும்பி மேலே ஓடினார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு; குரங்கணிச் சரிவை நினைவுபடுத்தும் நிலம். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தனக்கு முன்னால் இருந்த புல்லில் தானே தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பலுக்குள் போய்க் குப்புறப் படுத்தார். வாருங்கள் என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். யாரும் போகவில்லை, முன்னால் தீ வைக்கிற மனிதரை அந்த நேரத்தில் எப்படி நம்புவது? 13 பேர் இறந்தார்கள். டாட்ஜும், முகட்டைத் தொட்டுவிட்ட வேறு இரண்டு பேரும் பிழைத்தார்கள். குழுவினர் முன்கூட்டியே பழகியிராத ஒரு உத்தி, எவ்வளவு சரியானதாக இருந்தாலும், அவசரத்தில் அவர்களுக்கு உதவாது. பயிற்சி தீக்காலத்துக்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனி டீக்கடைக் கேள்விக்கு வருவோம். ராத்திரி ஏன் யாரும் போகவில்லை? இரவில் காற்று தணிகிறது, ஈரம் கூடுகிறது, தீ சோம்புகிறது; அணைக்க நல்ல நேரம் என்று தோன்றும். ஆனால் அந்த இருட்டில் பாறை விளிம்பு தெரியாது. காட்டுமாடும் யானையும் தீக்குப் பயந்து இடம் மாறிக்கொண்டிருக்கும். எரிந்த மரக்கட்டைகளும் கற்களும் மேலிருந்து உருண்டு வரும். பகல் 11 மணிக்கு மேலோ வெயிலில் சூடேறிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கி ஏறத் தொடங்கும். தீயும் அதோடு சேர்ந்து ஏறும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது விடியலை ஒட்டிய சில மணி நேரம். பனி விழுந்த புல், படுத்துக்கிடக்கும் தீ, பார்க்கப் போதுமான வெளிச்சம். அனுபவமுள்ள வனவர் ஆட்களை அந்த நேரத்துக்கு இடத்தில் சேர்க்கும்படி கணக்குப் போட்டுப் புறப்படுவார். ராத்திரி எரிந்த தீயை யாரும் பார்க்காமல் விட்டதாக ஊருக்குத் தோன்றும் அந்த நேரத்தில், நாலரை மணிக்கு ஏற வேண்டிய ஆட்கள் சோற்றுப் பொட்டலத்தோடு அடிவாரத்தில் படுத்திருக்கக்கூடும்.

அவர்கள் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். கையில் பச்சைக் கொப்பு. இலை அடர்ந்ததாக, முறித்த கணமே பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். தீயை ஓங்கி ஓங்கி அடிப்பவர் புதியவர் என்று உடனே தெரிந்துவிடும்: ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கங்கு பின்னால் பறந்து, அணைந்த இடத்தில் புதிதாகப் பற்றும். பழகியவர் கொப்பைத் தீயின் மேல் அழுத்தி, எரிந்த பக்கத்தை நோக்கி இழுப்பார். தூக்க மாட்டார். நிற்பதும் எரிந்த பக்கத்தில்தான். தீ போகும் திசையில் முன்னால் போய் நிற்பதில்லை. அது ஆரம்பித்த வாலிலிருந்து தொடங்கி, இரண்டு விலாப்பக்கமும் அணைத்துக்கொண்டே போய்த் தலையை ஒடுக்குவார்கள். பின்னால் ஒருவர் முதுகில் தண்ணீர் பம்போடு புகையும் கட்டைகளை நனைத்துக்கொண்டு வருவார். இப்போது சில சரகங்களில் இலை ஊதும் இயந்திரம் வந்திருக்கிறது. சருகை ஒதுக்கிப் பாதை போட அது மிக நல்ல கருவி. ஆனால் பெட்ரோலில் ஓடும் அதைச் செங்குத்துச் சரிவில் தூக்கிக்கொண்டு ஏற இன்னொரு ஆள் வேண்டும்.

கை அடிக்கு அடங்காத தீக்கு எதிர்த்தீ வைப்பார்கள். வருகிற தீக்கு முன்னால் ஒரு ஜீப் ரோட்டையோ புல் செதுக்கி வைத்த தீத்தடுப்புக் கோட்டையோ பிடித்துக்கொண்டு, அதிலிருந்து தீயை நோக்கிப் புல்லை எரித்து, நடுவில் எரிய எதுவும் இல்லாமல் செய்வது. வல்லமையான முறை, ஆபத்தும் அவ்வளவு. காற்று திரும்பினால் வைத்தவர் மேலேயே வரும். ஊர்க்காரர்கள் ஆர்வத்தில் இதைச் செய்யக் கூடாது. எப்போது, எங்கே என்பதை ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். மேலே நிற்பவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று உறுதியான பிறகே சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் நம் நாட்டில் ஆட்கள் சாகிறார்கள். 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஒரு வனக்காப்பாளர். 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில், தீ சூழ்ந்துகொண்டு மூன்று வன ஊழியர்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில், தீயணைக்க விரைந்துபோன இடத்திலேயே நான்கு பேர். காயம்பட்டவர்களில் இன்னும் சிலர் பிறகு இறந்தார்கள். மூன்று மாநிலங்கள், மூன்று விதமான காடு. செத்தவர்கள் எல்லாரும் அடிமட்ட ஊழியர்கள்.

அமெரிக்காவில் பால் கிளீசன் என்ற தீயணைப்புக் குழுத் தலைவர், 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு எளிய வரையறையைக் கொடுத்தார். தீயின் மீது கண் வைத்திருக்க ஒருவர். அவரோடு எல்லாரும் பேசிக்கொள்ள வழி. தப்பி ஓட ஒன்றுக்கு இரண்டு பாதைகள். ஓடிப்போய் நிற்க எரியாத ஓர் இடம். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே போகாதே என்பதே சாரம். தேனி மலைக்கு இது அப்படியே பொருந்தும். எதிர்மேட்டில் ஒருவரை நிறுத்துவதற்குப் பணம் செலவாகாது. வாக்கி-டாக்கிக்குச் செலவாகும், ஆனால் செல்போன் சிக்னல் எடுக்காத மலையில் அதற்கு மாற்று இல்லை. உடையில் ஒரு விஷயம் கட்டாயம்: பாலியெஸ்டர் பேன்ட்டும் நைலான் பனியனும் தீச்சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். கனத்த பருத்தி உடையும் தோல் பூட்ஸும் இல்லாமல் ஓர் ஆளைத் தீக்கு அனுப்புவது தவறு. ஆள் பற்றாக்குறை என்பதால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

வீடுகளுக்கு வருவோம். இங்கே பலருக்கும் இருக்கும் ஒரு நினைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. தீச்சுவர் ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டை விழுங்கும் என்று பயப்படுகிறோம். பெரும்பாலான வீடுகள் எரிவது அப்படி இல்லை. காற்றில் பறந்து வரும் கங்கு, வீட்டை ஒட்டிக் கிடக்கும் எதிலாவது விழுந்து, அது பற்றி, அதிலிருந்து வீடு பற்றுகிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கனடாவில் உண்மையான காட்டையே கொளுத்திச் செய்த சோதனைகளில், 10 மீட்டரில் வைத்த மரச்சுவர்களில் சில பற்றின. 30 மீட்டரில் வைத்தவை பற்றவில்லை. அதாவது ஒரு வீட்டின் கதி பெரிதும் அதைச் சுற்றியுள்ள 30 மீட்டருக்குள் முடிவாகிறது. மலை முழுவதையும் அணைக்கத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த 30 மீட்டர் வீட்டுக்காரர் கைக்கு எட்டும் தூரம்.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த 30 மீட்டருக்குள் என்ன கிடக்கிறது? வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கிய விறகு. மாட்டுக்கொட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே வைக்கோல் படப்பு. தென்னந்தோப்பில் விழுந்தபடியே கிடக்கும் மட்டைகள். கிடுகு வேய்ந்த முன்தாழ்வாரம். தகரக் கூரை வீடு பத்திரமானது என்று நினைப்போம். தகரத்தின் நெளிவுக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி இருக்கும், உள்ளே எலி சேர்த்த பஞ்சும் சருகும் இருக்கும், ஒரு கங்குக்கு அது போதும். ஏலத்தோட்டங்களில் லயன் வீடுகளுக்கும், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு குவித்திருக்கும் இடத்துக்கும் நடுவே பல நேரம் பத்தடிகூட இருக்காது. தை பிறந்ததும் இவற்றை நகர்த்துவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கூரை ஓட்டையைச் சிமென்ட் பூசியோ வலை அடித்தோ அடைக்கலாம். காட்டு ஓரத்துத் தோப்பு என்றால் வேலியோரமாக இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கி வைக்கலாம்.

நம் விவசாயிகளிடம் ஏற்கெனவே ஒரு நல்ல தீயணைப்புக் கருவி இருக்கிறது: மருந்தடிக்கும் பம்பு. அதை நன்றாகக் கழுவி வெறும் தண்ணீர் நிரப்பி வைத்தால், கூரையிலும் வாசலிலும் விழும் கங்குகளை ஒரு பெண்ணோ பெரியவரோகூட அணைத்துவிடலாம். மோட்டாரை நம்ப வேண்டாம். தீ வந்தால் மின்சாரம் முதலில் போகும். தொட்டி நிரம்பியிருக்கட்டும். தீயணைப்பு வண்டியை 101-லோ 112-லோ கூப்பிடலாம். அது வரும், ரோடு முடியும் இடம் வரை. குரங்கணி போன்ற ஊருக்கு இருப்பது ஒரே ரோடு என்பதால், முதியவர்களையும் குழந்தைகளையும் புகை கண்ணை மறைப்பதற்கு முன்பே போடிப் பக்கம் இறக்கிவிட வேண்டும். ஆடு மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவது கொடுமை. அவிழ்த்துவிட்டால் அவற்றுக்கே வழி தெரியும்.

தீ எங்கிருந்து வருகிறது என்பதிலும் நேர்மை வேண்டும். நம் மலைகளில் தானாகப் பற்றும் தீ மிக அரிது. அநேகமாக எல்லாமே மனிதன் வைத்தது, தெரிந்தோ தெரியாமலோ. 2024 மார்ச்சில் குன்னூரில் நாள்கணக்கில் எரிந்து, விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டிவந்த தீ, தனியார் தேயிலைத் தோட்டத்தில் வைத்ததிலிருந்து பரவியது என்று வனத்துறை வழக்குப் பதிந்தது. தேனியில் பழி உடனே மேய்ச்சல்காரர்கள் மேல் விழும். புதுப்புல் தளிர்க்கட்டும் என்று தீ வைக்கும் வழக்கம் சிலரிடம் இருந்தது உண்மை. ஆனால் மலைமாடு மேய்ப்பவருக்கும் பழங்குடிகளான பளியருக்கும் முதுவருக்கும் தெரிந்த அளவுக்கு அந்தச் சரிவின் பாதைகளும் பாறைகளும் ஊற்றுகளும் வேறு யாருக்கும் தெரியாது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு காப்பகங்களுக்குள் மேய்ச்சலுக்கு நீதிமன்றத் தடையும் வந்தது. காட்டைக் காக்கும் நோக்கம் சரிதான். கூடவே, தீயை முதலில் பார்த்து முதலில் ஓடிவந்த ஆட்கள் காட்டை விட்டு விலகிப் போகிறார்கள் என்ற இழப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். செயற்கைக்கோள் அந்த இடத்தை முழுதாக நிரப்பாது. இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்பும் தீ எச்சரிக்கை வனக்காப்பாளரின் செல்போனுக்கே வருகிறது; 375 மீட்டர் அளவுக்கு இடத்தையும் சுட்டுகிறது. ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்துபோகும் நேரத்தில்தான் அது பார்க்கும். இடையில் பற்றும் புல்தீ, அடுத்த முறை அது வருவதற்குள் ஒரு மலையையே முடித்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் புல் எரிந்தால் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுதோறும் எரியும் மேட்டில் மரக்கன்று நிற்காது. சோலையின் ஓரம் ஒவ்வொரு தீயிலும் சில அடி உள்ளே சுருங்கும். வேர் பிடிக்காத மண் மழையில் கரைந்து ஓடும். வைகைக்கும் சுருளிக்கும் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தருவது அந்த மண்தான். ஆனால் அதைக் காக்கும் வேலைக்கு நேரம் ஜனவரி. தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்கி, அந்தச் சருகைப் பனி ஈரத்தில் பாதுகாப்பாக எரித்து முடிக்க வேண்டிய மாதம் அது. நிதி மார்ச்சில் வந்து, கோடு ஏப்ரலில் வெட்டப்பட்டால் யாருக்கும் பயனில்லை.

ஜனவரி 26 அன்று கொட்டகுடி முதல் கூடலூர்ப் பக்கத்து ஊராட்சிகள் வரை கிராம சபை கூடுகிறது. தீக்காலத்துக்கு முன்னால் ஊரும் அரசும் நேருக்கு நேர் உட்காரும் கடைசி நாள் அது. ராத்திரி ஏன் அணைக்கவில்லை என்ற கேள்வியை அங்கே வேறு கேள்விகளாகக் கேட்கலாம். நம் எல்லையில் எத்தனை கிலோமீட்டர் கோடு, எது வரை வெட்டியாயிற்று? புகை தெரிந்தால் ஊரில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? வண்டி போகாத குடியிருப்பிலிருந்து நடக்க முடியாதவர்களை இறக்கப் போவது யார்? தீத்தடுப்புக் காவலர்களாக இந்த ஆண்டு எடுக்கப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா, பூட்ஸ் வந்ததா, போன ஆண்டுக் கூலி பாக்கி இருக்கிறதா? தினக்கூலிக்கு ஏறும் அந்தப் பையனுக்கு மலையில் ஏதாவது நேர்ந்தால், நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் சிகிச்சையும் இழப்பீடும் அவன் வீட்டுக்கும் கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாய்வார்த்தை போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வனச்சரக அலுவலகத்திலிருந்து எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும்.